ஒரு டாலர் பத்து சென்ட்: நியூயார்க்கிலும் லண்டனிலும் அம்பேத்கரின் மாணவ நாட்கள்

பாபாசாகேப் அம்பேத்கர் பெற்ற பட்டங்களை நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லுவோம். ஏப்ரல் 14 சுவரொட்டிகளில் அவர் பெயருக்குப் பின்னால் அந்தப் பட்டங்கள் ஒரு முழம் நீளத்துக்கு வரும். அதில் தவறில்லை. படிக்கக் கூடாது என்று சொல்லப்பட்ட மக்கள் பட்டங்களை உரக்கச் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டங்களுக்காகப் படித்த நாட்களில் அவர் எங்கே தூங்கினார், என்ன சாப்பிட்டார், யாரோடு ஒரே அறையில் இருந்தார், கையில் எவ்வளவு காசு இருந்தது என்று நாம் அதிகம் பேசுவதில்லை. பதினெட்டு மணி நேரம் படித்தார் என்ற ஒரு வரியோடு கடந்துவிடுகிறோம். அந்த வரி நம் பிள்ளைகளை ஊக்கப்படுத்துகிறதா, அச்சுறுத்துகிறதா என்றுகூட நமக்குச் சந்தேகம் உண்டு. மீதமுள்ள ஆறு மணி நேரத்தையும் சேர்த்துப் பார்ப்பதுதான் இந்தச் சொற்பொழிவின் வேலை.

முதலில் ஒப்பந்தம். 1913 பிப்ரவரியில் தந்தை ராம்ஜி இறந்துபோனார். அதே ஆண்டு ஜூன் 4 அன்று அம்பேத்கர் பரோடா அரசோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்று ஆண்டுகளுக்கு உதவித்தொகை தருவார். படித்து முடித்தபின் பத்து ஆண்டுகள் பரோடா அரசில் வேலை செய்ய வேண்டும். ஜூலை மாதத்தில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். வயது 22. வீட்டில் மனைவி ரமாபாய், ஏழு மாதக் கைக்குழந்தை யஷ்வந்த். குடும்பத்தின் மூத்த சம்பாத்தியமும் போய்விட்ட நேரம் அது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதலில் அவர் தங்கியது ஹார்ட்லி ஹால் விடுதி. ஒரு வாரத்துக்கு மேல் அங்கே இருக்கவில்லை. சாப்பாடு ஒத்துவரவில்லை. பிறகு மேற்கு 114ஆம் தெருவில் இந்திய மாணவர்கள் சிலர் தங்கியிருந்த காஸ்மோபாலிட்டன் கிளப்புக்கு மாறினார். கடைசியில் லிவிங்ஸ்டன் ஹால் விடுதியில் நவல் பதேனா என்ற பார்சி மாணவரோடு அறையைப் பகிர்ந்துகொண்டார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வரும். வெளிநாட்டுக்குப் போன எந்த மாணவரைக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்லுவார்: முதல் வாரம் ஓர் இடம், சாப்பாடு பிடிக்கவில்லை, ஊர்க்காரர்கள் இருக்கும் இடம் தேடிப் போனோம், பிறகு ஒரு நல்ல அறைத்தோழன் கிடைத்தான். மாமனிதரின் வாழ்க்கையிலும் அதுதான் நடந்தது.

சாப்பாட்டுக் கணக்கை வரலாற்றாசிரியர் தனஞ்செய் கீர் தருகிறார். ஒரு கோப்பை காபி, இரண்டு மஃபின், ஒரு தட்டு மீன் அல்லது இறைச்சி. ஒரு நாளுக்கு ஒரு டாலர் பத்து சென்ட். இந்தக் கணக்கை நாம் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம். அன்றைய மாற்று விகிதத்தில் பதினொன்றரை பவுண்டு என்பது ஏறக்குறைய 56 டாலர். ஒரு நாளைக்கு 1.10 டாலர் என்றால் மாதம் 33 டாலர். உதவித்தொகையில் பாதிக்கு மேல் சாப்பாட்டுக்கே போய்விடுகிறது. மிச்சம் 23 டாலரில் மற்ற எல்லாச் செலவும். அதிலிருந்தும் வீட்டுக்குப் பணம் அனுப்பினார் என்று கீர் எழுதுகிறார். அதற்குள்ளேயே பழைய புத்தகக் கடைகளில் ஏறக்குறைய 2000 புத்தகங்களும் வாங்கினார். எப்படி என்று கேட்டால், நாடகம், கேளிக்கை எதற்கும் போகவில்லை, பசியைக் குறைத்துக்கொண்டார் என்பதுதான் பதில். இதை நாம் பெருமையாகச் சொல்லும்போது கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பசித்துப் படிப்பது ஒரு தகுதி அல்ல. அந்த உதவித்தொகை போதவில்லை என்பதே அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய தகவல்.

படித்த பாடங்களின் எண்ணிக்கை வியப்பூட்டுவது: பொருளாதாரத்தில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானுடவியலில் 4, அரசியலில் 3, தொடக்கநிலை பிரெஞ்சும் ஜெர்மனும் ஒவ்வொன்று. மொத்தம் 60. ஒரு பட்டத்துக்கு இவ்வளவு தேவையே இல்லை. கிடைத்த கதவையெல்லாம் திறந்து பார்த்திருக்கிறார். எட்வின் செலிக்மன், ஜான் டூயி, கோல்டன்வைசர் போன்றோர் ஆசிரியர்கள். இன்றைக்குக் கொலம்பியாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பட்லர் நூலகத்தின் முன்னால் நின்று, இங்கேதான் அண்ணல் படித்தார் என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பட்லர் நூலகம் 1934இல் திறக்கப்பட்டது. அவர் காலத்தில் பல்கலைக்கழகத்தின் நூலகம் எதிரே இருக்கும் லோ கட்டடம். படம் எடுப்பவர்கள் திரும்பி நின்றால் போதும்.

இனி நாம் நின்று பார்க்க வேண்டிய இடம். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று அம்பேத்கர் எழுதிய சிறு தன்வரலாற்றுக் குறிப்புகளில் சதாரா பள்ளிக்கூடம் வருகிறது. உட்காரச் சாக்குத் துணியை வீட்டிலிருந்து கொண்டுபோய், சாயங்காலம் திரும்ப எடுத்து வர வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தொடக் கூடாது. பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் இல்லாத நாளில் தண்ணீர் இல்லை. ஊரில் வண்ணார் உண்டு, கூலி கொடுக்க வசதியும் உண்டு. ஆனால் தீண்டத்தகாதவர் துணியை வெளுக்க மாட்டார்கள் என்பதால் சகோதரிகளே வெளுத்தார்கள். முடிதிருத்துவோரும் அப்படித்தான். தம்பிகளுக்கு முடிவெட்டி வெட்டி அக்காவே அந்தத் தொழிலில் தேர்ந்துவிட்டார்.

அந்தப் பையன் பல ஆண்டுகள் கழித்து நியூயார்க் விடுதியில் எழுந்து முகம் கழுவுகிறார். குழாயைத் திறக்கப் பியூன் வேண்டியதில்லை. சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போகவில்லை. வகுப்பில் மற்றவர்கள் உட்காரும் அதே பலகையில் உட்காருகிறார். இதையெல்லாம் பெரிய விடுதலை என்று அன்றே அவர் டைரியில் எழுதி வைத்ததாக நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. அன்றாடம் என்பது அப்படித்தான், தடை இல்லாதபோது அது கண்ணில் படாது. பிற்காலத்தில் திரும்பிப் பார்க்கும்போதுதான் சொல்கிறார்: ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்த ஐந்து ஆண்டுகள், தான் தீண்டத்தகாதவன் என்ற உணர்வையே மனதிலிருந்து துடைத்துவிட்டிருந்தன என்று. சமூகவியல் படித்தவர்கள் இந்த வாக்குமூலத்தை ஒரு சான்றாகவே எடுத்துக்கொள்ளலாம். உடம்பு அதே உடம்பு. பிறப்பும் மாறவில்லை. ஊர் மாறியதும் தீட்டு காணாமல் போய்விட்டது. அப்படியென்றால் அது உடம்பில் எப்போது இருந்தது?

ஆனால் நியூயார்க்கைப் புனித நகரமாக்கவும் வேண்டாம். கொலம்பியாவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஹார்லெம். அவர் அங்கிருந்த ஆண்டுகளில்தான் வில்சனின் ஆட்சி வாஷிங்டன் அரசு அலுவலகங்களில் கறுப்பினத்தவரைத் தனியே பிரித்து உட்கார வைத்தது. கறுப்பின மக்களை இழிவுபடுத்திய ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ திரைப்படம் 1915இல் வெளியானது, அதை எதிர்த்து நியூயார்க்கிலும் போராட்டம் நடந்தது. அம்பேத்கருக்குக் கிடைத்த மேசை எல்லோருக்கும் கிடைத்த மேசை அல்ல. அவருக்கும் அது தெரிந்திருந்தது. அடிமை முறையையும் தீண்டாமையையும் ஒப்பிட்டு அவர் பிறகு எழுதினார். 1946இல் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார், டுபாய்ஸும் பதில் எழுதினார்.

நியூயார்க் வந்த சில வாரங்களிலேயே, 1913 ஆகஸ்டில், தந்தையின் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், ஆண்களின் கல்வியோடு பெண்களின் கல்வியும் சேர்ந்து நடந்தால் நம் முன்னேற்றம் வேகமாகும் என்று எழுதினார். அந்தக் கடிதத்தைப் பெண்ணுரிமைக் கூட்டங்களில் நாம் அடிக்கடி சொல்கிறோம். அந்தக் கடிதம் எழுதப்பட்டபோது ரமாபாய் பம்பாயில் பரேல் பகுதியில் கைக்குழந்தையோடு வறுமையில் குடும்பத்தை நடத்திக்கொண்டிருந்தார். நியூயார்க்கில் மூன்றாண்டு, லண்டனில் முதலில் ஓராண்டு, பிறகு மூன்றாண்டு. இந்த ஏழு ஆண்டுப் படிப்பின் செலவில் ஒரு பகுதியைப் பரோடா மன்னர் கொடுத்தார், ஒரு பகுதியை நண்பர்கள் கொடுத்தார்கள், மிச்சத்தை ரமாபாய் கொடுத்தார். உதவித்தொகை ஒப்பந்தத்தில் அவர் பெயர் எங்கும் இல்லை.

1914 நவம்பரில் லாலா லஜபதி ராய் நியூயார்க் வந்தார். இந்திய மாணவர்களைச் சந்தித்து அரசியல் வேலைக்கு அழைத்தார். அம்பேத்கரையும் அழைத்தார். பரோடா மன்னருக்குக் கொடுத்த வாக்கைக் காட்டி அவர் விலகிக்கொண்டார். தேசியவாதிகள் சிலர் இதை இன்றும் குறையாகச் சொல்வதுண்டு. உதவித்தொகை நின்றால் அடுத்த கப்பலில் ஊர் திரும்ப வேண்டிய மாணவருக்கும், பின்னால் சொத்துள்ள மாணவருக்கும் அரசியலின் விலை ஒன்றல்ல. மேலும் அவர் சும்மா இருக்கவில்லை. 1916 மே 9 அன்று கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில் ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரையை வாசித்தார். அது தேசியவாதிகள் கேட்ட அரசியல் இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் கட்டுரையில் இன்றைய மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஓரிடம் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த கேட்கரின் சாதி வரலாற்று நூலை அம்பேத்கர் அதில் எடுத்தாளுகிறார். இந்துக்கள் உலகின் மற்ற பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தால் சாதியும் உலகச் சிக்கலாகிவிடும் என்பது கேட்கரின் கருத்து. நியூயார்க்கில் இருந்த ஒரு சில இந்திய மாணவர்களுக்கு நடுவே உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறார்கள். நூறு ஆண்டுகள் கழித்து, 2019 டிசம்பரில், அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதியைச் சேர்த்தது. 2022 ஜனவரியில் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகமும், 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரமும் சேர்த்தன. அதே 2023இல் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நியூசம் நிராகரித்தார். அங்கே படிக்கும் நம் பிள்ளைகள் சொல்லும் செய்திகளும் இதையொட்டியே இருக்கின்றன. அறை தேடும்போது முதல் கேள்வி சைவமா அசைவமா. இரண்டாவது கேள்வி சொந்த ஊர் எது. ஊரைச் சொன்னால், ஊருக்குள்ளே எந்தப் பக்கம். வாடகையைப் பற்றிய பேச்சு அதற்கப்புறம்தான் வருகிறது. 1914இல் பதேனா கேட்காத கேள்விகள் இவை.

1916இல் லண்டன். லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும், வழக்கறிஞர் படிப்புக்குக் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது என்று பரோடா திரும்ப அழைத்தது. நான்காண்டுக்குள் மீண்டும் வந்து படிப்பைத் தொடரப் பல்கலைக்கழகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு 1917இல் கப்பலேறினார். அது போர்க்காலம். வேறு கப்பலில் அனுப்பிய புத்தகங்கள் குண்டடிபட்டுக் கடலில் மூழ்கின. அரை வயிறு சாப்பிட்டு வாங்கிய புத்தகங்கள்.

அடுத்தது பரோடா. நமக்குத் தெரிந்த கதைதான், ஆனால் மாணவ வாழ்க்கையின் தொடர்ச்சியாக அதை நாம் பார்ப்பதில்லை. இந்து விடுதிகள் இடம் தராது என்பதால் பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிந்து தங்கினார். பதினோராம் நாள் ஒரு டஜன் பார்சிகள் தடிகளோடு வந்து சூழ்ந்தார்கள். சாயங்காலத்துக்குள் காலி செய் என்றார்கள். இந்து நண்பர் ஒருவரிடமும் கிறித்தவ நண்பர் ஒருவரிடமும் தங்க இடம் கேட்டார், இரண்டு பேரும் கைவிரித்தார்கள். காமாத்தி பாக் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். நியூயார்க்கில் அவரோடு ஒரே அறையில் தூங்கியவரும் பார்சி. பரோடாவில் தடியோடு வந்தவர்களும் பார்சிகள். சமூகத்தின் பெயரை வைத்து நல்லவர், கெட்டவர் என்று பட்டியல் போடுகிறவர்கள் இந்த இடத்தில் திக்குமுக்காடிப் போவார்கள். சாதி ஒழுங்கு நடக்கும் ஊரில், இந்துவாக இல்லாதவரும் அதன் காவலராக நிற்கிறார். அந்த ஒழுங்கு எட்டாத ஊரில், அதே சமூகத்தைச் சேர்ந்த இளைஞர் வாழ்நாள் நண்பராகிறார்.

வாழ்நாள் நண்பர் என்பது வெறும் பேச்சல்ல. பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடு 1920 ஜூலையில் அம்பேத்கர் மீண்டும் லண்டன் புறப்பட்டபோது, கோலாப்பூர் மன்னர் ஷாகு மகாராஜா உதவினார், நவல் பதேனா 5000 ரூபாய் கடன் கொடுத்தார். விடுதி அறையில் தொடங்கிய நட்பு ஏழாண்டு கழித்து லண்டன் படிப்பாக மாறியது. நம் பிள்ளைகளுக்கு விடுதி ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

லண்டன் நாட்கள் நியூயார்க்கைவிடக் கடினமானவை. கண்டிப்பான ஒரு பெண்மணி நடத்திய தங்கும் வீடு. காலையில் ஒரு ரொட்டித் துண்டு, ஒரு கோப்பை தேநீர். பிறகு நடந்தே பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்துக்கு. பேருந்துக் காசு மிச்சம். காலை முதல் ஆளாகப் போய், மாலை காவலர் வெளியே அனுப்பும்வரை அங்கேயே. மதியச் சாப்பாடு கிடையாது. இரவு படிக்கும்போது பசி தாங்காமல் ஊர்க்காரர் ஒருவர் கொடுத்த அப்பளத்தைச் சுட்டுத் தின்பார். 1921, 22இல் அவர் தங்கிய கிங் ஹென்றி சாலை 10ஆம் எண் வீட்டை 2015இல் மகாராஷ்டிர அரசு வாங்கி நினைவில்லமாக்கியது. அக்கம்பக்கத்தார் சிலர் எதிர்ப்புத் தெரிவிக்க, திட்ட அனுமதி விசாரணை வரை போய் 2020இல்தான் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. வாடகைக்கு இருந்த மாணவனுக்கு நூறாண்டு கழித்து வந்த அண்டைவீட்டுத் தகராறு என்று சிரித்துக்கொள்ளலாம்.

பணக் கணக்கில் சிரிக்க ஒன்றுமில்லை. 1920 தொடக்கத்தில் ஒரு ரூபாய் 2 ஷில்லிங்குக்கு மேல் போயிற்று. 1921இல் 1 ஷில்லிங் 4 பென்ஸுக்கும் கீழே விழுந்தது. 5000 ரூபாயை 2 ஷில்லிங் விகிதத்தில் மாற்றினால் 500 பவுண்டு. 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்றால் 333 பவுண்டு. கையில் இருப்பதும் ஊரிலிருந்து வருவதும் ரூபாய், வாடகையும் கட்டணமும் பவுண்டு என்றிருக்கும் மாணவருக்கு இது என்ன என்று இன்று டாலர் விலையைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் இழக்கும் பெற்றோருக்குத் தெரியும். அந்த நாட்களில் அவர் ஷாகு மகாராஜாவிடம் கடன் கேட்டுக் கடிதம் எழுதினார். அந்த நாட்களிலேயேதான் ‘ரூபாயின் சிக்கல்’ என்ற ஆய்வையும் எழுதிக்கொண்டிருந்தார். ரூபாயின் மாற்று மதிப்பைப் பற்றி எழுதிய பொருளாதார அறிஞர்கள் பலர் உண்டு. அந்த மதிப்பு விழும்போது இரவுச் சாப்பாட்டை இழந்து எழுதியவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். ரூபாயின் நிலைத்தன்மை சாதாரண மக்களின் வாங்கும் சக்தியோடு தொடர்புடையது என்று அந்த நூல் வலியுறுத்துவது தற்செயல் அல்ல என்பது எங்கள் எண்ணம். தேர்வாளர்கள் ஆய்வைத் திருத்தி எழுதச் சொன்னார்கள். அதற்குள் பணம் தீர்ந்து 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பியிருந்தார். அங்கிருந்தே திருத்தி அனுப்பினார். அந்த ஆண்டின் இறுதியில் டி.எஸ்சி. பட்டம் வந்தது, புத்தகமும் வந்தது. அதைப் பெற்றோருக்குக் காணிக்கையாக்கினார்.

கொலம்பியாவின் முனைவர் பட்டமும் இப்படித்தான். 1916இலேயே ஆய்வேடு ஏற்கப்பட்டுவிட்டது. ஆனால் அச்சிட்டு நூலாகக் கொடுத்தால்தான் பட்டம் என்பது அன்றைய விதி. அச்சிடப் பணம் வேண்டும். நூல் 1925இல் வெளிவந்தது, பட்டம் 1927இல் கிடைத்தது. படித்து முடித்ததற்கும் பட்டம் கைக்கு வந்ததற்கும் நடுவே பதினோரு ஆண்டுகள்.

இனி இன்றைக்கு. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை 1950களிலிருந்து நடந்துவருகிறது. ஆண்டுக்கு 125 இடங்கள், அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. நாடு முழுவதற்கும் 115. தமிழ்நாடு அரசும் அண்ணல் அம்பேத்கர் பெயரில் தனியே ஓர் அயலக உயர்கல்வித் திட்டம் நடத்துகிறது, அது வரவேற்க வேண்டியது. ஒன்றிய அரசின் திட்டத்தில் 2022 பிப்ரவரியில் ஒரு விதி வந்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு இனி உதவித்தொகை இல்லை. இந்தியாவைப் பற்றிப் படிக்க வெளிநாடு போக வேண்டுமா, இங்கேயே வசதி இருக்கிறதே என்பது அதிகாரிகள் சொன்ன காரணம்.

இந்த விதியை 1913க்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம். ‘இந்தியாவில் சாதிகள்’ நேரடியாக அடிபட்டுப்போகும். கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றிய எம்.ஏ. ஆய்வேடு வரலாறு என்று அடிபடும். இங்கேயே படிக்கலாமே என்ற வாதத்துக்கும் ஒரு தேதி இருக்கிறது: பம்பாய் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை தொடங்கியது 1919இல், பாட்ரிக் கெடஸ் தலைமையில். கோல்டன்வைசரின் கருத்தரங்கு முடிந்து மூன்றாண்டுகள் கழித்து. பரோடா மன்னர் பத்தாண்டு உழைப்பைக் கேட்டார். எதைப் பற்றி எழுதக் கூடாது என்று கேட்கவில்லை.

எங்களிடம் விண்ணப்பத்தோடு வரும் மாணவர்கள் இப்போது முதலில் கேட்பது, தலைப்பை எப்படி மாற்றுவது என்றுதான். சாதி என்ற சொல்லை எடுத்துவிட்டால் நடக்குமா, இந்தியா என்பதற்குப் பதில் தெற்காசியா என்று போடலாமா, பொதுக்கொள்கை என்று எழுதினால் ஏற்பார்களா. சில வழிகள் நடக்கின்றன, சில நடப்பதில்லை. இந்த ஆண்டு விண்ணப்பிக்கிறவர்கள் யாராவது இங்கே இருந்தால், கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்கள். ஆய்வுத் திட்டத்தையும், மாதச் செலவுக் கணக்கையும் சேர்த்தே எடுத்து வாருங்கள். இரண்டையும் உட்கார்ந்து பார்ப்போம்.